விரைவும் எளிமையும்: கணிப்பொறி மொழியைத் தெரிந்தெடுக்கும் முறை

ஒரு வினையை முடித்தற்குரிய கருவியைத் தேர்வோன் இரண்டு செய்திகளை ஆராய்தல் இயல்பு. அக்கருவி வினையை எத்துணை விரைவில் முடிக்கும் என்பது ஒன்று. அதனைக் கையாளுதல் எத்துணை எளிது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்த கருவி கிடைப்பின் ஆராய்ச்சிக்கு இடனில்லை. ஆனால் அவை ஒருங்கே அமைதல் அரிது. கணிப்பொறிக்கு ஆணையிடும் மொழிகளிலும் இதுவே நிலை. இந்நாளில் கணிப்பொறி பயில்வோரேயன்றிப் பௌதிகமும் பொருளியலும் பயில்வோரும், ஏன், தமிழ் பயில்வோருங்கூட நிரல் எழுதத் தலைப்படுகின்றனர். அவர் முதற்கண் எதிர்ப்படும் வினா, எம்மொழியில் எழுதுவது என்பதே. 'சி மொழியே விரைவுடையது. ஏனைய வீண்' என்பர் ஒரு சாரார். 'பைத்தன் எளியது, அதுவே போதும்' என்பர் மற்றொரு சாரார். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் இருவரும் கேட்க வேண்டிய கேள்வியொன்றைக் கேளாது விடுகின்றனர். மொழியால் மிஞ்சும் காலமும் செலவாகும் காலமும் யாருடைய காலம் என்பதே அக்கேள்வி. அதனை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், விரைவில் வேற்றுமை எங்ஙனம் உண்டாகின்றது என்பதைக் காண்போம். கணிப்பொறியின் செயலகம் தானே அறியும் மொழி, எண்குறிகளாலாகிய பொறிமொழி ஒன்றே. மனிதர் எழுதும் மொழி எதுவாயினும் அஃது இறுதியிற் பொறிமொழியின் செயலாக மாறியே தீர வேண்டும். அம்மாற்றம் நிகழும் காலமும் முறையும் மொழிக்கு மொழி வேறுபடும். சி மொழியில் எழுதுவோன், தான் வழங்கும் ஒவ்வொரு பெயரும் முழு எண்ணைக் குறிக்குமோ, பின்னத்தைக் குறிக்குமோ, எழுத்தைக் குறிக்குமோ என்பதை முன்னரே அறிவித்துவிடுகின்றான். கம்பைலர் எனப்படும் மொழிபெயர்ப்புக் கருவி, நிரல் ஓடத் தொடங்குமுன்னரே அனைத்தையும் பொறிமொழியாக்கி வைக்கின்றது. ஆகவே, 'இவ்விரண்டு முழு எண்களையும் கூட்டுக' என்னும் கட்டளை பெரும்பாலும் ஒரே பொறியாணையாக முடிகின்றது.

பைத்தனின் வழி வேறு. அங்கே ஒரு பெயர் இப்போது எண்ணைக் குறிக்கலாம். பின்னர்ச் சொல்லைக் குறிக்கலாம். ஒவ்வொரு பொருளும், தன் வகை எழுதிய சீட்டொன்று ஒட்டிய பெட்டியினுள் இருப்பது போல நினைவகத்தில் இருக்கின்றது. கூட்டுக எனின், நிரலை நடத்தும் இன்டர்பிரெட்டர் இரண்டு பெட்டிகளின் சீட்டையும் படித்து, அவ்வகைக்குரிய கூட்டல் யாதெனத் தேடி, கூட்டி, விடையை மற்றொரு பெட்டியில் இடுகின்றது. கூட்டல் கோடி முறை நிகழின் இச்சடங்கும் கோடி முறை நிகழும். மந்தம் இதனால் விளைவது. எனினும் இச்சடங்கை வீண் என்று தள்ளுதல் தகாது. சி மொழியில் வழக்கமான முழு எண் 2,147,483,647 வரையே கொள்ளும். அதற்கு மேற்படின் எச்சரிக்கை ஏதுமின்றியே விடை பிழைபடக் கூடும். பைத்தனிலோ எண் எத்துணைப் பெரிதாயினும் பெட்டி அதற்கேற்ப விரிந்து கொடுக்கும். சி எழுதுவோன் தானே நினைவிற் கொள்ள வேண்டியதைப் பைத்தன் அவனுக்காக நினைவிற் கொள்கின்றது. அந்நினைவிற்குரிய விலையே மந்தம்.

இவ்வழக்குப் புதியதன்று. 1950-களின் தொடக்கத்தில் நிரலாளர் பெரும்பாலும் பொறிமொழியிலோ, அதனை அடுத்துள்ள அசெம்பிளி மொழியிலோ எழுதிவந்தனர். அமெரிக்க நாட்டின் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய ஜான் பேக்கஸ் என்பார், 1953-ஆம் ஆண்டின் இறுதியில், கணித வாய்பாடு போல எழுதினால் அதனைப் பொறிமொழியாக மாற்றிக்கொள்ளும் ஓர் ஏற்பாடு வேண்டுமெனத் தம் மேலாளர்க்குத் தெரிவித்தார். அவர் காட்டிய கணக்கு எளியது. ஒரு கணிப்பொறி நிலையத்தில் நிரலாளர்க்காகும் செலவு பொறிக்காகும் செலவிற்குக் குறைந்ததன்று. அப்பொறியின் காலத்திலும் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை பிழை களைதலிலேயே கழிகின்றது. ஆகவே மொத்தச் செலவில் முக்காற் பங்கு வரையில் நிரல் எழுதுதற்கும் திருத்துதற்குமே ஆகின்றது என்பது அவர் துணிபு.

எனினும், கைதேர்ந்த நிரலாளர் இதனை எளிதில் நம்பவில்லை. மனிதன் நுணுகி எழுதும் ஆணைக்குப் பொறி தானாக எழுதும் ஆணை ஈடாகாது என்பது அவர் கருத்து. இவ்வையத்தைப் பேக்கஸும் அவர் குழுவினரும் அலட்சியம் செய்தாரல்லர். விரைவில் பெரிதும் பின்தங்குமாயின் எவரும் இதனைத் தொடார் என்று உணர்ந்து, தம் உழைப்பின் பெரும்பகுதியைச் செறிவான பொறிமொழியை ஆக்கித் தருவதிலேயே செலுத்தினர். 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஐ.பி.எம். 704 என்னும் பொறிக்குரிய ஃபோர்ட்ரான் வெளிவந்தது. அஃது ஆக்கிய ஆணைகள் கைத்திறனாளர் எழுதியவற்றிற்குப் பெரிதும் தாழாதிருந்தமையின், ஐயுற்றோரும் அதனை மேற்கொண்டனர். மந்தம் என்பது மொழியின் பிறவிக்குணம் அன்று, மொழிபெயர்க்குங் கருவியின் திறத்தையும் பொறுத்தது என்பதற்கு ஃபோர்ட்ரான் தக்க சான்றாயிற்று.

மற்றொரு சான்றும் கூறுவாம். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டெனிஸ் ரிச்சி ஆகியோர் 1969-ஆம் ஆண்டிற் படைக்கத் தொடங்கிய யூனிக்ஸ் என்னும் இயக்க ஏற்பாடு, முதலில் அசெம்பிளி மொழியிலேயே எழுதப்பட்டது. 1973-இல் அதனைச் சி மொழியில் மீண்டும் எழுதினர். புதிய வடிவம் பழையதினும் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு பெரிதாயிற்று என்று அவர்களே 1974-இல் வெளியிட்ட கட்டுரையிற் குறித்துள்ளனர். நினைவகம் பொன்போல் அரிதாயிருந்த காலம் அது. ஆயினும், புதிய வடிவத்தை அறிதலும் திருத்துதலும் மிக எளிதாயினமையாலும், பல நிரல்கள் ஒருங்கே நடத்தற்குரிய வசதிகள் அதனுட் சேர்ந்தமையாலும், அவ்விழப்பைத் தகுமென்று ஏற்றனர். இன்று விரைவின் வடிவமாகப் போற்றப்பெறும் சி மொழி, அன்று எளிமையின் பொருட்டே மேற்கொள்ளப்பெற்றது என்பதை மறத்தலாகாது. விரைவு, எளிமை என்பன ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுக் கூறும் சொற்களேயன்றித் தனித்து நிற்பன அல்ல.

அற்றேல், இந்நாளில் இவ்வேற்றுமை எவ்வளவு என்று அளந்தறிந்தார் உளரோ எனின், உளர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தைச் சார்ந்த சார்ல்ஸ் லைசர்சன் முதலிய அறிஞர்கள் 2020-ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் ஓர் அளவையை வெளியிட்டனர். கிடையில் 4096-உம் நெடுக்கில் 4096-உமாக எண்கள் நிரம்பிய இரண்டு அணிகளைப் பெருக்குதல் அவர் எடுத்துக்கொண்ட வேலை. இதில் ஏறக்குறைய 6,872 கோடி பெருக்கல்கள் அடங்கும். பைத்தனில் நேர்முறையாக எழுதிய நிரல் இதனை முடிக்க 25,552 வினாடி, அதாவது ஏழு மணி நேரத்திற்குச் சற்று மேல், கொண்டது. ஜாவா 2,373 வினாடியும் சி 543 வினாடியும் கொண்டன. எனவே, பைத்தனிலிருந்து சிக்கு மாறிய அளவிலேயே விரைவு 47 மடங்காயிற்று.

இவ்வளவோடு நிறுத்துவார், சி வென்றது என்று முடிவு கட்டுவர். அவ்வறிஞர் நிறுத்தவில்லை. வேலையைப் பொறியின் பல செயலகங்களுக்கும் பங்கிட்டும், அருகிலுள்ள நினைவகத்திலேயே எண்கள் தங்குமாறு பெரிய அணியைச் சிறு கூறுகளாக்கியும், ஒரே ஆணையாற் பல எண்களைப் பெருக்கும் வசதியைப் பயன்படுத்தியும், அதே சி மொழியில் அவ்வேலையை 0.41 வினாடியில் முடித்தனர். மொழி மாற்றத்தால் வந்த ஆதாயம் 47 மடங்கு. பொறியின் இயல்பறிந்து எழுதியதால் அதன்மேல் வந்தது 1,300 மடங்கிற்கும் மேல். ஆகவே, விரைவுடைய மொழியிற் கருத்தின்றி எழுதுவோன் விரைவிற் பெரும்பகுதியை இழந்தே நிற்கின்றான்.

இவ்விடத்து இடைவழி ஒன்று தோன்றுகின்றது. பைத்தனுக்கெனப் படைக்கப்பெற்று 2006-இல் முதற்பதிப்பாக வெளிவந்த நம்பை என்னும் நிரற்றொகுதி, அணிப்பெருக்கல் போன்ற கடுவினைகளைச் சி, ஃபோர்ட்ரான் முதலிய மொழிகளில் நுணுகி எழுதப்பட்ட உறுப்புக்களிடம் ஒப்படைத்துவிடுகின்றது. பைத்தன் எழுதுவோன் 'பெருக்குக' என்று ஒரு வரி எழுதினால் போதும்; கோடிக்கணக்கான சடங்குகள் ஒழிந்து ஒரே சடங்கு எஞ்சும். 2019 ஏப்ரலில் உலகறிய வெளியிடப்பட்ட கருந்துளையின் உருவத்தை ஆக்கியதில் பைத்தனும் நம்பையும் பங்கு கொண்டன. வல்லார் சிலர் ஒருமுறை பட்ட பாட்டைப் பலர் பன்முறை எளிதாகத் துய்த்தற்கு இஃது எடுத்துக்காட்டு.

நிற்க. மொழியினும் முற்பட ஆராய வேண்டுவது வழிமுறை. பத்து லட்சம் பெயர்கள் அகரவரிசையில் அடுக்கப்பெற்ற பட்டியலில் ஒரு பெயரைத் தேடுவதாகக் கொள்வோம். தலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்வோன் பத்து லட்சம் முறை வரை ஒப்பிட நேரும். நடுப்பெயரைப் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளி, எஞ்சிய பாதியிலும் அவ்வாறே செய்வோனுக்கு 20 ஒப்பீடுகள் போதும். முதல் வழியைச் சியில் எழுதி, இரண்டாம் வழியைப் பைத்தனில் எழுதி, சி 50 மடங்கு விரைவுடையது என்றே கொண்டாலும், பத்து லட்சத்தில் ஐம்பதிலொரு பங்கு 20,000 ஆகின்றது. இருபதின்முன் அஃது எங்ஙனம் நிற்கும்? மந்த மொழியில் நல்வழி, விரைவு மொழியிற் புல்வழியை வென்றுவிடும்.

இனி, முதலிற் குறித்த வினாவிற்கு வருவோம். ஒரு நிரலை எளிய மொழியில் இரண்டு நாளிலும், விரைவு மொழியிற் பத்து நாளிலும் எழுதலாம் என்றும், முன்னது ஒருமுறை ஓடப் பத்து வினாடியும் பின்னது ஒரு வினாடியும் கொள்ளும் என்றும் வைத்துக்கொள்வோம். விரைவு மொழியால் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்பது வினாடி மிஞ்சுகின்றது. அதன்பொருட்டுச் செலவிட்டது எட்டு நாள். நாளொன்றுக்கு எட்டு மணியாக 64 மணி, அதாவது 2,30,400 வினாடி. இதனை ஒன்பதால் வகுப்பின் 25,600 ஆகும். அந்நிரல் தன் வாழ்நாளில் 25,600 முறைக்கு மேல் ஓடுமாயின் பத்து நாள் உழைப்புத் தகும், குறையுமாயின் தகாது. ஒரு வகுப்பின் மதிப்பெண்களை ஆண்டிற்கு இருமுறை கூட்டித் தரும் நிரலுக்கு எட்டு நாளைச் சி மொழியிற் செலவிடுதல் பேதைமை. ஊரெல்லாம் நாள்தோறும் வழங்கும் நிரலை இரண்டு நாளில் முடித்தேன் என்று மகிழ்தலும் அத்தகையதே.

இக்கணக்கில் மறைந்து நிற்கும் வேற்றுமை ஒன்று உண்டு. மிச்சமாகும் எட்டு நாள் நிரல் எழுதுவோனுடையது. செலவாகும் ஒன்பது வினாடியோ அதனை வழங்குவோருடையது. தேர்வு முடிவினைப் பார்க்கும் பத்து லட்சம் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வினாடி மிகுதியாகக் காத்திருப்பின், கூட்டுத்தொகை ஏறக்குறைய 278 மணி நேரம். அவருட் புதிய கைப்பேசி உடையார் அதனை உணரார்; பழையது வைத்திருக்கும் ஏழை மாணவனே உணர்வான். எலெக்ட்ரான் என்னும் ஏற்பாட்டை இதற்குச் சான்றாகக் காட்டலாம். வலைத்தளம் அமைக்கும் மொழிகளிலேயே மேசைக் கணிப்பொறிக்குரிய நிரலையும் எழுதி, விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் ஓட்டுதற்கு அஃது உதவுகின்றது. எழுதுவோனுக்கு மூன்று வேலை ஒன்றாகச் சுருங்கிற்று, உண்மையே. ஆனால் அவ்வாறு எழுதப்படும் ஒவ்வொரு நிரலும் ஒரு வலையுலாவியையே தன்னுட் சுமந்து வருகின்றது. அச்சுமை ஏறுவது வழங்குவோர் பொறியின் நினைவகத்தில். எழுதுவோன் எளிமை பெற்றான். அதன் விலையை அவன் அறியாத பலர் செலுத்துகின்றனர். இதனைக் கருதாது 'எனக்கு எளிது' என்று மட்டும் கூறுதல் நேர்மையாகாது.

விரைவை விரும்பி எளிமையைத் துறத்தற்கும் விலை உண்டு. சி மொழி நினைவகத்தின் எல்லையைக் காக்கும் பொறுப்பை எழுதுவோனிடமே விடுகின்றது. 2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் என்னும் பழுது, சியில் எழுதப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மறைகுறி நிரலில் இருந்தது. கேட்போன் கூறிய அளவு உண்மைதானா என்று ஒருமுறை சரிபார்க்காமையால், பிறர் மறைபொருள் அடங்கிய நினைவகப் பகுதிகள் அயலார் கையிற் சிக்க வழியுண்டாயிற்று. சி++ மொழியில் பெரிதும் எழுதப்பட்ட குரோம் உலாவியிலும், கடுமையான பாதுகாப்புப் பழுதுகளில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது நினைவகத்தைக் கையாள்வதில் நேர்ந்த பிழைகளால் ஆயின என்று அதனை ஆக்குவோரே 2020-இல் அறிவித்தனர். 2015-இல் முதற்பதிப்பு வெளிவந்த ரஸ்ட் மொழி, இத்தகைய பிழைகளிற் பெரும்பாலானவற்றை நிரல் ஓடுமுன்னரே கம்பைலரைக் கொண்டு கண்டு தடுக்கின்றது. ஓடும்போது விரைவும் குன்றுவதில்லை. ஆயினும் அம்மொழியைப் பயிலவும், கம்பைலரின் தடைகளுக்கு விடை கூறவும் எழுதுவோன் மிகுதியாகக் காலம் செலவிட வேண்டும். ஈண்டும் விலை ஒழியவில்லை, செலுத்துவோரே மாறினர்.

தமிழ் மாணவர்க்கு நெருங்கிய எடுத்துக்காட்டொன்றும் காட்டுவாம். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து எத்தனை? மூன்று என்பது நமக்குத் தெரியும். சி மொழியில் அதன் நீளத்தைக் கேட்பின் 15 என்னும். யூனிகோடு முறையில் இச்சொல் கொள்ளும் பைட்டுகளை அஃது எண்ணுகின்றது. பைத்தன் 5 என்னும். தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகளை அஃது எண்ணுகின்றது. 2014-இல் வெளிவந்த ஸ்விஃப்ட் மொழி 3 என்று நம்மைப் போலவே விடை கூறும். ஆனால் அதன்பொருட்டுச் சொல் முழுவதையும் நடந்து பார்த்து, எக்குறி எதனோடு சேர்வது என்று ஆராய்ந்தே எண்ண வேண்டும். எளிமைக்குரிய விலை ஈண்டுக் கண்கூடு.

கட்டளைக் கலித்துறையில், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்தும் நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17 எழுத்தும் ஒற்று நீக்கி வருதல் வேண்டும். நூறு செய்யுட்களில் இவ்விதியைச் சோதிக்க விரும்பும் மாணவன் நானூறு அடிகளையே எண்ண வேண்டும். பைத்தனில் சில வரிகளில் அதனை எழுதிவிடலாம். கண்ணிமைக்கும் பொழுதில் விடை வரும். அவனுக்கு விரைவு மொழி வேண்டுவதில்லை. ஒவ்வொரு விரலழுத்தத்திற்கும் உடனே எழுத்தைக் காட்ட வேண்டிய தமிழ் விசைப்பலகையை ஆக்குவோனுக்கோ விரைவே உயிர். எண்ணும் எழுத்து ஒன்றே. ஏற்ற மொழி வெவ்வேறு.

இதுகாறும் கூறியவற்றால் பின்வரும் முறை பெறப்படும். முதற்கண் நல்ல வழிமுறையைத் தேர்க. பின்னர், பணியை முடித்தற்கு எளிய மொழியில் எழுதி, அஃது உண்மையில் எங்கே தாமதிக்கின்றது என்பதை ஊகத்தால் அன்றி அளவையால் அறிக. தாமதிக்கும் அப்பகுதியை மட்டும் விரைவு மொழிக்கு மாற்றுதல் பலவிடத்தும் போதும். நிரல் பல்லாயிரவர் கையில் பல்லாண்டு வழங்குவதாயினும், நொடி தவறின் தீங்கு விளைவிப்பதாயினும், தொடக்கத்திலேயே விரைவையும் காவலையும் கருதி மொழியைத் தேர்க. எல்லாவற்றினும் மேலாக, நாம் மிச்சப்படுத்தும் காலத்திற்கு விலை செலுத்துவோர் யாவர் என்பதை எழுதத் தொடங்குமுன் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக. அங்ஙனம் எண்ணுவார் எம்மொழியைத் தெரிந்தெடுப்பினும் அது பெரும்பாலும் தக்கதாகவே அமையும்.